மறுமொழி இல்லாத மேடைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிவகங்கை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 33 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மேடைப்பேச்சும் பட்டிமன்றமும் தரம் தாழ்ந்துவிட்டன என்று பலரும் வருந்திப் பேசுவதைக் கேட்கிறேன். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் தாழ்ந்தது எது என்பதில் அவர்களோடு நான் வேறுபடுகிறேன். அதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கல்வி வளர்ச்சி நாளையொட்டி நடந்த ஒரு பேச்சுப் போட்டிக்கு அண்மையில் என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். காமராசரின் கல்விப் பணி என்பது தலைப்பு. 26 மாணவ மாணவியர் பேசினர். அவர்களுள் 9 பேருடைய உரைகள் ஒரே தொடக்கம், ஒரே உவமை, ஒரே இடத்தில் குரலை உயர்த்துதல் என்று அச்சில் வார்த்தாற்போல் இருந்தன. யூடியூபில் ஒரு காணொளியைப் பார்த்து மனப்பாடம் செய்ததாகப் பின்னர் அவர்களே ஒளிவின்றிச் சொன்னார்கள். மிக அழகாகப் பேசிய எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம், “பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட அரசிடம் பணம் ஏது என்று அன்றைக்கு ஒருவர் கேட்டிருந்தால், நீ என்னம்மா பதில் சொல்லியிருப்பாய்?” என்று கேட்டேன். அவள் திகைத்துத் தன் ஆசிரியரைப் பார்த்தாள். ஆசிரியர் அமைப்பாளரைப் பார்த்தார். அமைப்பாளர் என் அருகே வந்து, “ஐயா, போட்டி விதியில் கேள்வி கேட்பது கிடையாது” என்று பணிவோடு சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிறுமியின் கண்கள் கலங்கிவிட்டன. கேட்டிருக்கக் கூடாதோ என்று அன்றிரவு முழுவதும் என் மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் பிழை அவளுடையதன்று. ஏழெட்டு ஆண்டுகளாக மேடையேறும் ஒரு குழந்தையிடம் அதுவரை யாரும், எந்த மேடையிலும், ஒரு கேள்வி கூடக் கேட்டதில்லை என்பதே அங்கு எனக்கு விளங்கிய உண்மை.

இன்றைய பிள்ளைகளுக்கு நாவன்மை குறைந்துவிட்டது, லகர ளகர ழகரம் தடுமாறுகிறது, ஆங்கிலம் கலந்து பேசுகிறார்கள் என்று என் தலைமுறையினர் சொல்கிறார்கள். உச்சரிப்புக் குறை உண்மைதான், ஆயினும் ஒரு நல்ல ஆசிரியர் ஆறு மாதத்தில் திருத்திவிடக்கூடிய குறை அது. குரலிலோ நினைவாற்றலிலோ மேடைக்கூச்சம் இல்லாத துணிவிலோ இவர்கள் எங்களைவிடப் பல படி மேலே இருக்கிறார்கள். நம் மேடைகளை விட்டுப் போயிருப்பது மறுமொழி. எதிரே இருப்பவர் சொன்னதைக் கேட்டு, அதன் வலுவான பகுதி எது, வலுவற்ற பகுதி எது என்று பிரித்தறிந்து, அதற்குப் பொருந்த விடை சொல்லும் பழக்கம் போய்விட்டது. அவையஞ்சாமை அதிகாரத்தில் வள்ளுவர், “ஆற்றின் அளவறிந்து கற்க அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு” என்கிறார். மாற்றம் என்றால் இங்கே மறுமொழி. அளவு என்பதற்கு அளவைநூல், அதாவது தருக்கநூல் என்று பரிமேலழகர் பொருள் கொள்கிறார். அவைக்கு அஞ்சாமல் பேசுவதற்காகக் கற்க வேண்டும் என்று குறள் சொல்லவில்லை. அஞ்சாமல் விடை கூறுவதற்காக, அதுவும் அளவைநூலைக் கற்க வேண்டும் என்கிறது. நாம் அவையஞ்சாமையை மட்டும் எடுத்துக்கொண்டு மாற்றத்தைக் கைவிட்டுவிட்டோம்.

தமிழில் இதற்கான இலக்கணம் இல்லாமல் இல்லை. இந்திர விழாவை நகருக்கு அறிவிக்கும் மணிமேகலையின் முரசறைவோன், “ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்” என்று அழைத்துவிட்டு, அடுத்த மூச்சிலேயே, “பற்றா மாக்கள் தம்முட னாயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்” என்று எச்சரிக்கிறான். பகைவரோடாயினும் சினமும் பூசலும் கொள்ளாதே என்பது அதன் பொருள். அதே காப்பியத்தின் 29ஆம் காதை பக்கம் (நிறுவ வந்த கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டி, அவற்றின் போலிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. தேர்வுக்கு வராது என்று நாம் தள்ளிவிட்டுப் போகும் காதை அது. தவறான வாதங்களுக்குத் தமிழில் பெயரிட்டு வகைப்படுத்திய காதையும் அதுதான்.

பவணந்தியாரின் நன்னூல் இன்னும் நுட்பமாகச் செல்கிறது. நூல் செய்வோன் கைக்கொள்ள வேண்டிய எழுவகை மதங்களை, அதாவது கொள்கைகளை, பாயிரத்தில் சொல்லும்போது, முதலாவதாக அவர் வைப்பது உடன்படல். மறுத்தல் அதற்குப் பின்னரே வருகிறது. மூன்றாவது “பிறர்தம் மதமேற்கொண்டு களைவு”. பிறர் கொள்கையை முதலில் ஏற்று, அதன் மேல் நின்று பார்த்து, பிறகு அதைக் களைதல் என்பது இதன் கருத்து. வகுப்பில் இந்த நூற்பாவை நடத்தும்போதெல்லாம் நான் இவ்விடத்தில் நின்றுவிடுவேன். எதிராளியின் கருத்துக்குள் புகுந்து, அவர் நின்ற இடத்திலிருந்து உலகைப் பார்த்த பின்னரே அதை மறுக்கும் தகுதி ஒருவருக்கு வருகிறது என்ற பண்பை, 13ஆம் நூற்றாண்டில் ஒரு சமண முனிவர் இலக்கணமாகவே எழுதி வைத்திருக்கிறார். “இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு” என்பதும் அந்த ஏழில் ஒன்று. இருவர் மாறுபட்டு நிற்கும்போது ஒரு பக்கத்தைத் துணிந்து கொள்வது அது. பட்டிமன்ற நடுவரின் கடமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழாவுக்கு, 1970களில் மாணவனாக இருந்தபோது ஆண்டுதோறும் போவேன். பங்குனி வெயிலில் காரைக்குடி அரங்கிலும், நிறைவு நாளன்று நாட்டரசன்கோட்டையிலும் கூட்டம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை வாலி வதை பற்றிய வாதத்தைக் கேட்டேன். இராமன் செய்தது முறையே என்று பேச வந்தவர், தம் கட்சியைத் தொடங்கும் முன் எதிர்க்கட்சியின் கேள்விகளை எடுத்துக்கொண்டார். வாலி இராமனை நோக்கிக் கேட்கும் பாடல்களை ஒவ்வொன்றாக, வாலிக்காகவே வாதாட வந்தவர் போல உருகிச் சொன்னார். எங்களுக்கெல்லாம் இவர் அணி மாறிவிட்டாரோ என்றே தோன்றியது. அதன் பிறகு, “மறைந்து நின்று எய்தது ஏன் என்ற கேள்விக்குக் கம்பன் இராமனை விடை சொல்ல வைக்கவில்லை, இலக்குவனைத்தான் சொல்ல வைக்கிறான், அது ஏன்?” என்று கேட்டு அங்கிருந்து தம் வாதத்தைக் கட்டினார். முன்பே தம்பி வந்து சரண் புகுந்துவிட்டான், நேரில் வந்தால் நீயும் அடைக்கலம் என்பாய் என்பதைக் கருதியே அண்ணன் மறைந்து நின்றான் என்பது இலக்குவன் விடை. அந்த விடை போதாது என்று எதிரணியில் அடுத்து வந்தவர் அதையே எடுத்துப் பிரித்தார். வீடு திரும்பும் பேருந்தில் முன்பின் அறியாத இருவர் நள்ளிரவு வரை அதையே வாதிட்டுக்கொண்டு வந்தார்கள். யார் நன்றாகப் பேசினார் என்ற பேச்சே அவர்களிடம் எழவில்லை, யார் சொன்னது சரி என்பதுதான் அவர்கள் கவலையாக இருந்தது.

கம்பனைப் போற்றியவர்கள் மட்டுமே இப்படி வாதிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று திராவிட இயக்கத்தார் முழங்கிய 1943ஆம் ஆண்டில், 33 வயது அண்ணாதுரை சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், அடுத்த மாதமே சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் ஒரே மேடையில் நின்று வாதிட்டார். பிள்ளையவர்களும் பாரதியாரும் தமிழ்ப் புலமையில் அக்காலத்தின் முன்வரிசையினர். கொளுத்துவேன் என்பவனோடு எனக்கென்ன பேச்சு என்று அவர்கள் ஒதுங்கவில்லை. பல்கலைக்கழகப் புலவர்களிடம் எனக்கென்ன வேலை என்று இவரும் விலகவில்லை. நான் கம்பன் பக்கம் நிற்பவன், நூலை எரிப்பது தீர்வு என்பதை ஒருநாளும் ஏற்காதவன். என்றாலும் அந்த வாதங்களை அச்சில் படித்தபோது, எதிர்த்தவர்கள் கம்பனை வரிவரியாகக் கற்றே எதிர்த்தார்கள் என்பதைக் கண்டு தலை வணங்கினேன். பட்டிமன்றத்தைத் தமிழ்நாட்டின் ஊர்களுக்கெல்லாம் கொண்டு சென்ற குன்றக்குடி அடிகளாரும், கடவுள் மறுப்பை வாழ்நாள் பணியாகக் கொண்ட பெரியாரும் தத்தம் கொள்கையில் இம்மியும் விட்டுக்கொடுக்காமல் நட்புப் பாராட்டியதும் இந்த மண்ணில்தான்.

பழங்காலம் முழுதும் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மேடைத் தமிழின் முன்னோடி என்று நாம் போற்றும் ஆறுமுக நாவலர், 1847ஆம் ஆண்டின் கடைசி வெள்ளிக்கிழமையன்று யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் பிரசங்கத்தைத் தொடங்கி, தமிழ் உரைநடையை மக்கள் செவிக்கு எடுத்துச் சென்றவர். ஆனால் வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்பதில் அவரும் வள்ளலார் தரப்பும் மோதிய அருட்பா மருட்பாப் பூசல் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இருபுறமும் வெளிவந்த கண்டனங்களில் இன்று படித்தாலும் கூசும் சொற்கள் உண்டு. வசை அன்றும் இருந்தது. ஆனால் அந்த வசைக்கு நடுவிலும் ஒருவர் சொன்ன காரணத்தை மற்றவர் எடுத்துவைத்து மறுத்தார். இன்றைய வசையில் மறுப்பதற்குக் காரணம் என்று ஒன்று வைக்கப்படுவதே அரிதாகிவிட்டது.

இன்றைய பண்டிகைப் பட்டிமன்றங்களைப் பாருங்கள். 1990களில் தனியார் தொலைக்காட்சிகள் வந்தபின், பொங்கலன்றும் தீபாவளியன்றும் பட்டிமன்றம் பார்ப்பது வீட்டு வழக்கமாயிற்று. சிற்றூர்ப் பெண்களும் முதியவர்களும் தமிழ்ப் பேச்சை விரும்பிக் கேட்கச் செய்த நன்மை அதற்கு உண்டு என்பதை மறுக்கமாட்டேன். நகைச்சுவைக்கும் நான் பகையல்லன். ஆனால் தலைப்பு கணவனா மனைவியா, மாமியாரா மருமகளா என்று சுருங்கி, வாதத்தின் இடத்தைத் துணுக்கு பிடித்துக்கொண்டது. எதிரணி சொன்ன துணுக்குக்கு இன்னொரு துணுக்கே மறுமொழி என்றானது. இறுதியில் நடுவர் எழுந்து இருவரும் இரு கண்கள், இரண்டும் சேர்ந்தால்தான் வாழ்க்கை என்று தீர்ப்புச் சொன்னால், இருவர் மாறுகோளில் ஒருதலை துணியும் கடமையை அவர் கைவிட்டார் என்றுதான் பொருள். நம் மக்கள் வாதம் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டதெல்லாம் முடிவு தேவைப்படாத ஒரு பேச்சைத்தான்.

செய்தித் தொலைக்காட்சிகளின் இரவு விவாதங்கள் எதிர்த் திசையில் கெட்டிருக்கின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் விதிப்படி விளம்பரத்துக்கு 12 நிமிடம் வரை போகலாம். எஞ்சிய 48 நிமிடத்தை நான்கு விருந்தினரும் ஒரு நெறியாளரும் சமமாகப் பங்கிட்டால்கூட ஒருவருக்கு 10 நிமிடம் வராது. அந்தப் பத்து நிமிடமும் தொடர்ச்சியாகக் கிடைப்பதில்லை. இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் குறுக்கீடு, ஒரே நேரத்தில் மூவர் குரல், அடியில் ஓடும் எழுத்து. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களில் மற்றொன்று விரித்தல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்து இறுதல் ஆகிய நான்கையும் ஓர் இரவில் காட்ட வேண்டுமென்றால் இவற்றைத்தான் மாணவர்க்குக் காட்ட வேண்டும். நீர்ப்பங்கீடு பற்றிக் கேட்டால், உங்கள் ஆட்சியில் என்ன செய்தீர்கள் என்பார் ஒருவர். அதற்கு முன்பு உங்கள் ஆட்சியில் என்ன நடந்தது என்பார் மற்றவர். அணையில் எவ்வளவு நீர் இருக்கிறது, கடைமடைக்கு எத்தனை நாளில் வரும் என்பது நிகழ்ச்சி முடியும்வரை வெளிவராது. பிறகு அந்த ஒரு மணி நேரத்திலிருந்து மிகச் சூடான அரை நிமிடத்தை மட்டும் வெட்டிக் கைப்பேசிகளில் பரப்புகிறார்கள். எதிராளியின் கேள்வி வெட்டப்பட்டு, அடி கொடுத்த வாக்கியம் மட்டும் அதில் இருக்கும். இப்போது பேசுகிறவர்கள் அந்த அரை நிமிடத்துக்காகவே பேசப் பழகிவிட்டார்கள்.

நாட்டின் மிக உயர்ந்த விவாத மேடையும் சுருங்கித்தான் வருகிறது. 1952இல் அமைந்த முதல் மக்களவை தன் ஐந்தாண்டில் 677 நாள் கூடியது. 2019இல் அமைந்த 17ஆவது மக்களவை கூடியது 274 நாள் மட்டுமே. அவை கூடாத இடத்தில் மறுமொழிக்கு வாய்ப்பே இல்லை.

இவ்வளவுக்கும் பேச்சாளரையும் தொலைக்காட்சியையும் மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. கேட்கிற நாமும் மாறிவிட்டோம். நம் கட்சிக்காரர், நம் சாதிக்காரர், நம் ஊர்க்காரர் பேசும்போது முதல் வாக்கியம் முடிவதற்குள் கைதட்டுகிறோம். எதிர்த்தரப்பு எழுந்தால் தேநீர் குடிக்கப் போகிறோம். எதிரியின் நல்ல வாதத்தைக் கேட்டு, “அட, இதுவும் சரியாகத்தானே இருக்கிறது” என்று ஒரு கணம் தடுமாறும் சுகத்தை நம் பிள்ளைகள் அறிந்ததே இல்லை.

ஏனெனில் பள்ளியில் அதற்கு இடமில்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பொதுத்தேர்வின் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே உரியது. பேசுவதற்கும் கேட்பதற்கும் அதில் ஒரு மதிப்பெண் கூடக் கிடையாது. இலக்கிய மன்றம் கால அட்டவணையில் இருந்தாலும், அந்தப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார். நானும் பலமுறை கொடுத்திருக்கிறேன். அதற்காக இன்று வருந்துகிறேன்.

கொடுக்காத ஆண்டுகளில் ஒன்று என் நினைவில் நிற்கிறது. கண்மாய்களில் மண்டிக்கிடந்த சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம். எங்கள் பகுதியில் நிலத்தடி நீருக்கு அது எமன் என்று சொல்பவர்களும் உண்டு, கரிமூட்டம் போட்டு அந்த விறகிலேயே பிழைப்பவர்களும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் அதையே தலைப்பாக்கி, யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைத் திருவுளச் சீட்டில் விட்டேன். கரிமூட்டத் தொழிலாளி ஒருவரின் மகளுக்கு ‘அகற்ற வேண்டும்’ என்ற சீட்டும், கண்மாய்ப் பாசன விவசாயி ஒருவரின் மகனுக்கு ‘இருக்கட்டும்’ என்ற சீட்டும் வந்தன. அந்தப் பெண் அழுதேவிட்டாள், “எங்க அப்பா பொழப்ப எதிர்த்து நான் எப்படி சார் பேசுறது?” என்றாள். ஒரு வாரம் நேரம் கொடுத்தேன். விதி ஒன்றே ஒன்றுதான்: மறுக்கும் முன், எதிரே இருப்பவர் சொன்னதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும், ‘ஆம், நான் சொன்னது அதுதான்’ என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே விடை சொல்லலாம். அந்த வாரத்தில் அந்தப் பையன் அவளுடைய வீட்டுக்கே போய், ஒரு மூட்டம் எத்தனை நாள் புகையும், ஒரு மூட்டைக் கரிக்கு என்ன கிடைக்கும் என்று அவள் தந்தையிடம் கேட்டு எழுதி வந்தான். அவள் அவன் தாத்தாவிடம் போய், மடைவரை தண்ணீர் வந்த காலத்தைக் கேட்டு வந்தாள். இருவருமே அன்று திக்கித் திக்கித்தான் பேசினார்கள். ஒரு துணுக்கு இல்லை, ஒரு கைத்தட்டல் இல்லை. முடிவில் அந்தப் பெண், “அகற்றத்தான் வேண்டும், ஆனால் ஒரே நாளில் வேண்டாம், கரி போடுகிறவர்களுக்கு வேறு வேலை காட்டிவிட்டுக் கண்மாய் கண்மாயாக அகற்றட்டும்” என்றாள். 33 ஆண்டுகளில் நான் கேட்ட மிகச் சிறந்த உரை அதுவே.

எனவே பேச்சுப் போட்டி நடத்தும் அமைப்புகளையும் கல்வித்துறையையும் தாழ்மையுடன் வேண்டுகிறேன். ஐந்து நிமிட உரைக்குப் பின் இரண்டு நிமிடம் கேள்விக்கு ஒதுக்குங்கள். மதிப்பெண்ணில் பாதியை அந்த இரண்டு நிமிடத்துக்கு வையுங்கள். மேல்வகுப்பு மாணவர்க்கு எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கி மேடையேறும் முன் சொல்லுங்கள். மனப்பாடக் காணொளிகள் அன்றோடு பயனற்றுப் போகும். இதற்குப் புதிய நிதியோ கட்டடமோ வேண்டியதில்லை, கேள்வி கேட்கத் தெரிந்த நடுவர் ஒருவர் போதும். தொடக்கத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள். தடுமாறும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காமல் காத்திருக்க அரங்கில் இருக்கும் பெரியவர்களும் பழக வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஊர்தோறும் நடக்கும் பட்டிமன்றங்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் செய்தி வெளியிடும்போது, தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், பொன்னாடை போர்த்தியவர் ஆகியோரின் பெயர்களும் நடுவரின் தீர்ப்பும் இடம் பெறுகின்றன. அவற்றோடு, தோற்ற அணி முன்வைத்த வாதங்களில் வலுவான ஒன்றையும், அதற்கு வென்ற அணி சொன்ன விடையையும் இரண்டு வரியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்படி எழுதுவதற்குச் செய்தியாளர் இறுதிவரை உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும். நாளை பத்திரிகையில் வரும் என்றால் பேசுபவர்களும் எதிரணிக்கு விடை சொல்லத் தொடங்குவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்.